பதினாலாம் நம்பர் மலையில் ஒரு குதிரை

என் அக்கா புருஷன் முனியாண்டியைப் பற்றிச் சொல்ல எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. என்னைவிடத் தகுதி கெட்ட ஆளும் கிடையாது. நான் காளிமுத்து. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். மற்றவர்கள் பன்னிரண்டு வருஷமாக அவரை 'நாய்க்குதிரை' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். சொல்லிவிட்டேன். இனி ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

மாமா ஐந்தடி உயரம். உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் மலேசியாவின் கேமரன் மலையில் அவருக்கு நிகர் ஒருத்தனும் இல்லை. தேயிலைச் செடியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரமாகப் போய்விடும். அதுதான் கவ்வாத்து. வெட்டின செடி இரண்டு மூன்று மாதம் மொட்டைக் குச்சியாக நிற்கும், பிறகு துளிர்க்கும். மாமா வெட்டின வரிசைமேல் தட்டில் தேத்தண்ணியை வைத்தால் சிந்தாது. மனுஷனுக்கு அளவு என்றால் உயிர். என் அக்கா ருக்குமணி கழுத்தில் தாலி கட்டப் போகிற நேரத்தில், மணவறையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இடது பக்கக் கால் ரெண்டு இஞ்சு கட்டை" என்றவர் அவர். பூசாரி மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

எழுபத்து நாலில் எங்களுக்கு மேனேஜராக இருந்தவர் ஹாக்கின்ஸ் துரை. இருபது வருஷமாக இங்கேயே கிடந்து, நம் தமிழைக் கெட்ட வார்த்தை உட்படக் கற்றுக்கொண்டவர். ஒரு நாள் காலை, ஆள் பெயர் வாசித்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு ஒரு தபால் அட்டையோடு வந்தார். அட்டையில் ஒரு பச்சை மலை. அதன்மேல் வெள்ளையாக, வளைந்து வளைந்து நாலைந்து கோடு.

"முனியாண்டி, இது எங்க ஊர் குதிரை. மலையில புல்லை வெட்டி, உள்ள இருக்கிற சுண்ணாம்பு தெரியிற மாதிரி பண்ணியிருக்கு. ரெண்டாயிரம், மூவாயிரம் வருசம் ஆச்சு. எங்க அம்மா அனுப்பின படம், பத்திரம். ரெண்டு வாரத்துல லண்டன்லேருந்து பெரிய துரை வராரு. அவர் பாக்கணும். பதினாலாம் நம்பர் மலையில எனக்கு இந்தக் குதிரை வேணும்."

மாமா படத்தை நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "துரை, இதுல குதிரை எங்க இருக்கு?"

துரை விரலால் காட்டினார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் கோழி அலகு மாதிரி ஒன்று இருந்தது. நாலு காலில் இரண்டு கால் உடம்போடு ஒட்டவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே குதிரை எங்கள் முனீஸ்வரன் கோயில் சிமெண்ட்டுக் குதிரை. அது பல்லைக் காட்டிக்கொண்டு, வெள்ளை வெளேர் என்று, பார்த்தால் குதிரை என்று சொல்லும்படி நிற்கும். இது என்ன எழவோ. ஆனால் துரை குதிரை என்றால் குதிரை, நமக்கென்ன வந்தது. "சரிங்க துரை" என்றார் மாமா.

அட்டையின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். மலையில் சணல் கயிற்றைக் கட்டி அதே கட்டங்களைப் போட்டார். ஒரு கட்டத்துக்குப் பத்துக்குப் பத்து செடி. ஒரு சிக்கல் என்னவென்றால், மலைமேல் நின்று வெட்டுகிறவனுக்குப் படம் தெரியாது. அதனால் தினமும் காலையில் அட்டையை ஒருமுறை ஊன்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நான் எதிர்மலைக்குப் போய், ஒரு கையில் அட்டை, ஒரு கையில் அக்காவின் பழைய சிவப்புச் சேலையோடு நிற்பேன். இடது பக்கம் போக வேண்டுமென்றால் இடது பக்கம் ஆட்டுவேன். நிறுத்து என்றால் தலைக்குமேல் தூக்குவேன். பன்னிரண்டு நாள் மழையில் நனைந்து, அட்டைப் பூச்சி கடித்து, இதுதான் வேலை. படத்தையும் மலையையும் சேர்த்துப் பார்த்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். ஒரு செடி பிசகவில்லை.

கடைசி நாள் வேலை முடிந்து இறங்கும்போது காற்று அடித்தது. படம் என் கையிலிருந்து பறந்து ஆற்றில் விழுந்தது. ஓடிப் பார்த்தேன், போயே போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய துரை வந்தார். சாலை வளைவில் காரை நிறுத்தி, இறங்கி, ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாருடைய நாய் அது, ஹாக்கின்ஸ்?" என்று இங்கிலீஷில் கேட்டாராம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ராதாகிருஷ்ணன்தான் பிறகு எங்களுக்கு அர்த்தம் சொன்னார். ஹாக்கின்ஸ் துரை முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. முதலாளி சிரித்தால், அந்தக் குதிரையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கும் சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. திரும்பி, "படம் எங்கடா?" என்று கத்தினார்.

மாமா என்னைக் காட்டினார். "மாப்ளகிட்ட இருக்குங்க துரை. வச்சு ஒத்துப் பாருங்க, அப்படியே இருக்கும்."

அம்மா அனுப்பின படத்தை ஆற்றில் விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "எங்கிட்ட இல்லீங்க துரை. நாலு நாளா அவருகிட்டதான் இருக்கு. அவருதான் தொலைச்சிருக்கணும். படம் இல்லாம அவரு இஷ்டத்துக்கு வெட்டினாரு. நானும் கொடிய ஆட்டி ஆட்டிப் பாத்தேன், கேக்கல."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. "படத்துல இருந்தபடிதாங்க வெட்டினேன்" என்று மட்டும் துரையிடம் சொன்னார். மறுநாள் கவ்வாத்துக் கூட்டத்துக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். மாமாவை மண்வெட்டியோடு உரம் போட அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் கடையில் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் 'நாய்க்குதிரை' என்றேன். அட வெட்கங்கெட்டவனே என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. நன்றாகத் திட்டுங்கள்.

குதிரை அதோடு விட்டதா? மூன்று மாதத்தில் வெட்டின செடி துளிர்த்தது. கரும்பச்சை மலைமேல் இளம்பச்சையில் நாய் இன்னும் பளிச்சென்று நின்றது. கொழுந்து எடுக்கிற பருவம் வந்ததும், கிராணிக்கு வேலை பிரிக்கக் குதிரையே வசதியாகிவிட்டது. "நீலாவதி, வயிறு. மாரியம்மா, கழுத்து. பவளம், பின்னங்கால்" என்று பெரட்டில் வாசிப்பார்.

பவளம் கூடையைக் கீழே போடுவாள். "தெனமும் நான்தான் பின்னங்காலா? கழுத்துல கொழுந்து தளதளன்னு கிடக்கு, அதெல்லாம் மாரியம்மாக்கா பறிக்கணும், நான் மட்டும் காலைச் சொரண்டணுமா? முடியாதுலா கிராணி!"

இன்னொரு பக்கம், குதிரை என்றால் முனீஸ்வரன் வாகனமாச்சே என்று ஒரு கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முதுகில் ஏறியது. நாய் என்று சிரித்ததும் அந்தக் கூட்டம்தான். கிராணி கடைசியாக, "முனியாண்டி, வாலுக்கு உரம்" என்பார். களம் முழுக்கச் சிரிக்கும். மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாலுக்குப் போவார்.

ஹாக்கின்ஸ் துரை எழுபத்தாறில் ஊருக்குப் போய்விட்டார். எழுபத்தெட்டில் மொத்த மலைக்கும் கவ்வாத்து விழுந்தது. குதிரையை வெட்டி அழித்தவன் நானேதான். பெயர் மட்டும் அழியவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், கை கழுவிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மாப்ள, அந்தப் படத்துல பின்னங்காலு ஒடம்போட ஒட்டலைதானே?"

"ஞாபகம் இல்ல மாமா" என்பேன். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

அவர் மகள் சீதா நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போய், அங்கேயே வேலையில் இருந்தாள். எண்பத்தைந்தில் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினாள். ராணி வீட்டைப் பார், பெரிய மணிக்கூண்டைப் பார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாமா, "குதிரையப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். "அந்தக் குளிரு உங்களுக்கு ஆகாது மாமா" என்று சொல்லிப் பார்த்தேன். "பிரிஞ்சாங் மலைக் குளிர்ல பொறந்தவனுக்கு என்னடா குளிரு?" என்று போய்விட்டார். பெட்டியில் சணல் கயிறு, பென்சில், கவ்வாத்துக் கத்தி. கத்தியைச் சுபாங் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம்.

இங்கிலாந்தில் நடந்ததை எனக்கு அக்காதான் சொன்னாள். மாமா எங்கே வாயைத் திறந்தார்?

எந்த மலை என்று யாருக்குத் தெரியும்? அந்த ஊர்க்காரனுக்கு மலையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது போல, அங்கங்கே எதையாவது வெட்டி வைத்திருக்கிறான். சீதா ஆஸ்பத்திரியில் விசாரித்தால் ஆளுக்கு ஒரு மலை சொன்னார்கள். லீவு கிடைக்கிற நாளெல்லாம் சின்னக் காரில் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பள்ளத்தாக்கு, செம்மறி ஆடு, கல் வேலி, இடிந்த கோட்டை. ஓர் ஊரில் வரிசையாகக் கூரை வீடுகளைப் பார்த்துவிட்டு அக்கா, "ஏண்டி, நம்ம லயத்து வீட்டுலயே தகரம் போட்டு நாப்பது வருசம் ஆச்சு, வெள்ளைக்காரன் இன்னும் ஓலையிலயா இருக்கான்?" என்று வருத்தப்பட்டாளாம்.

முதல் மலையில் குதிரை இல்லை. மலை நீளத்துக்கு ஓர் ஆம்பளை நின்றான். கையில் தடி. உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, எல்லாம் தாராளமாகத் தெரிந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கருமம், கருமம்! இதப் பாக்கவாடி ஒரு நாள் பூரா பறந்து வந்தோம்? வண்டியத் திருப்பு!" மாமா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரமெல்லாம் சுத்தமா வெட்டியிருக்கான்" என்றார்.

அடுத்த லீவில் ஒரு புல்வெளி. ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய பெரிய கல், வட்டமாக நட்டு வைத்திருந்தது. அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. "பாவம், எண்ணெய் கண்டு எத்தனை காலமாச்சோ" என்று கைப்பையிலிருந்து விபூதி எடுத்து ஒரு கல்லுக்குப் பூசிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் சுற்றில் கைத்தடியோடு இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் சுற்றில் பதினோரு பேர், ஒரு நாய். ஒருத்தரும் பேசவில்லை, அவ்வளவு பயபக்தி. முடிந்ததும் ஒரு பெரியவர் சீதாவிடம் வந்து, அடுத்த சுற்று எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். மாமா அதற்குள் கயிறு வைத்து அளந்து முடித்திருந்தார். "நாலாவது கல்லு சாஞ்சிருக்கு, யாருகிட்டயாச்சும் சொல்லிடு" என்று மகளிடம் சொன்னார்.

மூன்றாவது தடவை குதிரை கிடைத்தது. வெள்ளைக் குதிரை. நாலு கால், கழுத்து, கண், வால். கைக்குழந்தைக்குக் காட்டினாலும் குதிரை என்று சொல்லும். சீதா கைதட்டினாள். "அப்பா, இதானே?"

மாமா புல்லில் உட்கார்ந்துவிட்டார். சீதா கட்டி எடுத்துவந்த எலுமிச்சைச் சோற்றைத் தொடவில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன என்று கேட்டதற்கு, "எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு, ருக்கு. அப்ப நான்தான் தப்பா வெட்டியிருக்கேன். கொடி ஒரு பக்கம் ஆட, நான் ஒரு பக்கம் வெட்டியிருக்கேன். காளிமுத்து சொன்னதுதான் சரி" என்றாராம்.

அக்கா இதை எங்கள் வீட்டு அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். தோட்டமே சிரித்தபோதும் நம்பாத மனுஷன், ஆறாயிரம் மைல் தள்ளி ஒரு புல்தரையில் உட்கார்ந்து என் பொய்யை நம்பியிருக்கிறார்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பெட்ரோல் போடுகிற கடையில் சீதா அந்தத் தபால் அட்டையைப் பார்த்து வாங்கினாள். அதே கோழி அலகு. அட்டையின் பின்னால் ஊர்ப் பெயர் இருந்தது. அப்படியே வண்டியை விட்டாள். மலை உச்சிவரைக்கும் ஏறினார்கள். ஆளைத் தள்ளுகிற காற்று, புல், நடுவே சுண்ணாம்புப் பாதை மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. குதிரையைக் காணோம். அங்கே நின்ற ஒரு பெண்ணிடம், குதிரை எங்கே என்று சீதா கேட்டாள். உங்கள் அப்பா அதன் கழுத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்றாள் அவள். மாமா சட்டென்று பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கிட்ட நின்னா தெரியாது. எதிர்ப்பக்கம் போகணும், காளிமுத்து நின்ன எடம்" என்றார்.

பள்ளத்தாக்கில் இறங்கிச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். ஒரு வயல் கேட்டுக்கு முன்னால் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். கேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கே அதிர ஒரு கத்தல்.

"நாயி! ருக்கு, பாருடி, நாயி! அச்சு அசல் நாயி! பின்னங்காலு ஒட்டலடி, ஒட்டவே இல்ல!"

அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்காரர் பயந்துபோய்த் தன் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாமா கேட்டின்மேலேயே உட்கார்ந்து அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

அவர்கள் ஊர் திரும்பின வாரம் முனீஸ்வரன் கோயில் பூசை. தோட்டமே கூடியிருந்தது. மாமா நேராக என்னிடம் வந்து அட்டையை நீட்டினார். "மாப்ள, அன்னிக்கு உன் கையில இருந்த படம் இதுதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் மனுஷன் கேட்டது. எனக்கு அடுத்த மாதம் கங்காணி வேலை தருவதாகப் புது மேனேஜர் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன என் வாய் திறந்தது.

"அட, வெள்ளைக்காரனும் உங்கள மாதிரியே தப்பா வெட்டியிருக்கானே!"

சிரிப்பில் பூசாரி மணியைக் கீழே போட்டுவிட்டார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அட்டையை வேட்டி நுனியால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கும் வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். கேள்வி கேட்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் செத்தேன். கங்காணி வேலையும் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

எண்பத்தாறில் பதினாலாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து முறை வந்தது. மேனேஜர் கோலாலம்பூருக்கு ஏதோ படிப்புக்காகப் போயிருந்தார். நான் மாமா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, அந்தப் படத்த எடுத்துக்கிட்டு எதிர்மலைக்கு வரணும். அக்காகிட்ட சிவப்புச் சேலை இருக்கா?"

அவர் என் முட்டியைப் பார்த்தார். "ஒனக்கு முட்டி வலியாச்சே, மாப்ள."

"இருக்கட்டும்லா."

பன்னிரண்டு நாள். நான் வெட்ட, அவர் ஆட்டினார். ஆட்டினாரா, உயிரை எடுத்தார்! ஒரு செடி தள்ளிப் போனால் அரை மணி நேரம் எதிர்மலையில் சேலை பேயாட்டம் ஆடும். பதின்மூன்றாம் நாள் மேனேஜர் கார் அதே வளைவில் வந்து நின்றது. கழுத்தில் டையோடு இறங்கி, மலையைப் பார்த்து, "யார் இந்த நாயை வெட்டினது?" என்று அலறினார்.

கூட்டம் முழுக்க நின்றது. கிராணி நின்றார். நான் முன்னால் போனேன்.

"நான்தான் சார். நாய் இல்ல, குதிரை. படத்துல இருக்கிறபடியே இருக்கு. எழுபத்து நாலுலயும் படத்துல இருந்தபடியேதான் இருந்துச்சு. எதிர்மலையில நின்னு பாத்தவன் நான். படத்த ஆத்துல விட்டவனும் நான். பயந்துபோயி முனியாண்டி தலையில போட்டுட்டேன். அவரு ஒரு செடிகூடத் தப்பா வெட்டல."

மேனேஜருக்கு ஒரு எழவும் புரியவில்லை, அவர் வந்தே இரண்டு வருஷம்தான். ராதாகிருஷ்ணன் கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "அடப்பாவி! பன்னெண்டு வருசமாடா?" என்று பவளம் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் என் கங்காணி வேலை ஆண்டியப்பனுக்குப் போனது. பெரட்டில் கிராணி, "காளிமுத்து, வாலுக்கு உரம்" என்று வாசித்தபோது, 'நாய்க்குதிரை' என்று யாரோ கத்தினார்கள். அதுவும் எனக்குத்தான்.

நான் சாலை வளைவில் சொன்னது, படத்தை ஒத்துப் பார்க்க எதிர்மலையில் நின்ற மாமாவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? மேனேஜர் வந்த அன்றே சாயங்காலம் அவர் சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்ததும் சொன்னேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன், மாமா. படத்தத் தொலைச்சது நான்தான்னு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். படம் எங்கிட்ட இல்லேன்னு எனக்குத் தெரியாதா? அத நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா? சரியா வெட்டினேனான்னுதான் கேட்டேன்."

"சரியா வெட்டினீங்க, மாமா. ஒரு செடி பிசகல."

அவர் அட்டையை எடுத்தார். மலையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டார்.

"நீதான் தப்பா வெட்டியிருக்க, மாப்ள. பின்னங்கால்ல ரெண்டு செடி ஒட்டிக்கிட்டு நிக்குது."

மறுநாள் உரக் கூடையை வாலில் இறக்கி வைத்துவிட்டு, முதல் வேலையாக அந்த இரண்டு செடியையும் வெட்டினேன்.